மகன் வரும் நாளா, பாலன் பிறந்த நாளா?



ஆகமன காலம் தொடங்கியது முதல் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கேட்கும் விதந்தான் வேறு. "சாமி, மகன் ஜனவரி 20-ந் தேதிதான் குவைத்திலிருந்து வருகிறான். கிறிஸ்துமஸை அப்போது வைத்துக்கொண்டால் என்ன?" என்று ஒரு தாய் கேட்கிறார். பேரப்பிள்ளைகள் மெல்பர்னில் இருக்க, யாருக்காக வீட்டில் நட்சத்திரம் கட்டுவது என்று ஒரு பெரியவர் வருந்துகிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மகள் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டார்: "நாங்கள் அங்கே எதைக் கொண்டாடுவது சாமி? நம் ஊர்த் திருநாளையா, அந்த ஊர்த் திருநாளையா? இரண்டையும் கொண்டாடிப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு இரண்டுமே அரைகுறையாகப் போய்விட்டது."

இவை வீட்டு விவகாரம், இதில் குருவானவர் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. ஒரு திருநாள் யாருக்குச் சொந்தம்? நாட்காட்டியில் அச்சிட்ட நாளுக்கா, நாம் பிறந்த மண்ணுக்கா, கூடி நிற்கும் மனிதருக்கா? இதற்கு விடை தெரியாமையால் நம் பங்கிலே சில வீடுகள் டிசம்பர் 24-ந் தேதி இரவில் விளக்கணைத்துக் கிடக்கின்றன. கடலுக்கு அப்பாலுள்ள சில பிள்ளைகள் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் வளருகிறார்கள். ஆகவே சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

மண்ணுக்குச் சொந்தம் என்று சொல்ல முத்துக்குளித்துறைக்காரராகிய நமக்கு வாய் எழாது. காரணம் வெகு கிட்டத்திலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 5-ந் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாள். ஜூலை 26-ந் தேதி கொடியேறும். ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். வெயிலோ சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் நாம் வணங்குவது பனியின் மாதாவை! உரோமாபுரியில் எஸ்குயிலின் என்ற குன்றின்மேல் நான்காம் நூற்றாண்டில் ஒரு கோடைகால ஆகஸ்ட் இரவில் பனி பெய்து, தேவமாதா தமக்குக் கோவில் எழுப்பவேண்டிய இடத்தைக் காட்டினார் என்பது பாரம்பரியம். வரலாற்றாசிரியர்கள் அதை உறுதிப்படுத்துவதில்லை. ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பானவர் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் எழுந்த பெரிய கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தத் திருநாளை போர்த்துக்கேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பனியைக் கண்ணால் கண்டிராத பரதவர் குலத்துத் தாய்மார் 'தாஸ் நேவிஸ்' என்ற அந்நியச் சொல்லை 'தஸ்நேவிஸ் மாதா' என்று தங்கள் நாவுக்கு இசைவாக்கிக்கொண்டார்கள். இன்று யாராவது வந்து, "இது உரோமையின் பருவம், உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் அவரைச் சும்மா விடுவார்களா?

நம் குடிலைப் பாருங்கள். கூரையின்மேல் பஞ்சைப் பிய்த்துப் போடுகிறோம். வெளியே வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறல். வேறொரு நாட்டின் குளிரை நம் வீட்டுத் திண்ணையில் வைத்து நெடுங்காலமாகத் திருநாள் கொண்டாடி வருகிறவர்கள் நாம். மெல்பர்னில் நடுக்கோடையில் கிறிஸ்துமஸும், இலையுதிர் காலத்தில் பாஸ்குத் திருநாளும் வருகின்றன என்று அங்குள்ள நம் பிள்ளைகள் குறைப்படவேண்டியதில்லை. திருநாள் கப்பலேறும், நம்மிடமே அப்படித்தான் வந்தது.

கப்பலேறும் என்றால், எந்த வழக்கத்தையும் எங்கும் தூக்கிச் செல்லலாமா? இங்கேதான் அர்ச். மோனிக்கம்மாள் நமக்கு உதவுகிறார்.

இந்தப் புனிதவதி ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டில், தகாஸ்தே என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். மகன் அகுஸ்தீன் உத்தியோகத்துக்காக இத்தாலிக்குப் போய்விட்டார். தாய் கடல் கடந்து கி.பி. 385 அளவில் மிலான் நகருக்கு வந்து சேர்ந்தார். மகனைத் தேடி வெளிநாடு போய் அங்கே தங்கிவிட்ட தாய்மார் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் நிலைமை இந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வேதசாட்சிகளின் திருநாளில் கூழும் அப்பமும் திராட்சரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்குப் போவார்கள். கொஞ்சம் தாங்கள் சுவைத்து, மற்றதைப் பிறருக்குக் கொடுப்பார்கள். மிலானிலும் மோனிக்கம்மாள் கூடையோடு புறப்பட்டார். கோவில் வாசற்காவலன் தடுத்துவிட்டான். அது அங்கு கூடாது, மேற்றிராணியார் அம்புரோசியாரின் கட்டளை என்றான். குடித்து வெறிப்பவர்களுக்கு அந்த வழக்கம் இடங்கொடுத்தது. புறசமயத்தார் இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கையும் ஒத்திருந்தது.

அந்த வாசலில் அந்த அம்மாள் நின்ற நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்நிய ஊர், அந்நியப் பேச்சு வழக்கு. தன் தாயும் பாட்டியும் செய்துவந்த காரியம். காலையிலே எழுந்து காய்ச்சிய கூழ் கையில் சுடுகிறது. "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற வார்த்தை நாநுனியில் வந்திருக்கும். ஆனால் அவர் திரும்பிப் போனார். முணுமுணுக்கவில்லை என்று மகனே எழுதிவைத்திருக்கிறார். (தடுத்தவர் அம்புரோசியாராக இராமல் வேறொருவராக இருந்தால் அம்மா இவ்வளவு சுலபத்தில் கேட்டிருப்பாரோ என்னவோ என்றும் அந்த மகன் சேர்த்து எழுதுகிறார். பெற்ற தாயைப் பிள்ளை அறியாதா!) அன்றுமுதல் அவர் கூடைக்குப் பதிலாக ஜெபம் நிறைந்த இருதயத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோனார், கொடுக்க முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

வழக்கம் போயிற்று. வழக்கத்துக்குள் இருந்த பொருள் போகவில்லை. கூழின் நோக்கம் பகிர்ந்து கொடுப்பதுதானே? மிலான் நகரத்து ஏழையின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

மற்றொரு சமயம் இதே அம்மாளுக்கு வேறொரு கலக்கம். உரோமாபுரியில் சனிக்கிழமை ஒருசந்தி உண்டு, மிலானில் இல்லை. தான் எதை அனுசரிப்பது? அகுஸ்தீன் போய் அம்புரோசியாரைக் கேட்டார். நான் உரோமையில் இருக்கும்போது சனியன்று ஒருசந்தி இருக்கிறேன், இங்கு இருக்கும்போது இருப்பதில்லை. நீங்களும் போகிற இடத்துச் சபையின் வழக்கத்தை அனுசரியுங்கள், பிறருக்கு இடறலும் வராது, உங்களுக்கும் வராது என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, கி.பி. 400 அளவில், சனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீனார் இதைக் குறிப்பிடுகிறார். விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமில்லாத வழக்கங்களைப் பற்றித்தான் இந்த விதி என்பதையும் அங்கே அவர் தெளிவுபடுத்துகிறார்.

நிற்க. ஊர் விட்டுப் போனவர் எல்லாரும் ஒரே நிலைமையில் இல்லை. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வேதாகமத்தில் எண்ணாகமம் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாஸ்கு நாளில் பிரேதத்தைத் தொட்டதனால் தீட்டுப்பட்டிருந்த சிலர் மோயீசனிடம் வந்து, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்படவேண்டும் என்று முறையிட்டார்கள். மோயீசன் தாமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. சர்வேசுரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வந்த பதில் அதிசயமானது. தீட்டுப்பட்டவனுக்கும், தூரப் பயணத்தில் இருப்பவனுக்கும் இரண்டாம் மாதத்தின் பதினான்காம் நாளில் ஒரு பாஸ்கு கொடுக்கப்பட்டது. தூரத்தில் இருப்பவனுக்காகச் சர்வேசுரன் காத்திருக்கிறார்! ஆனால் அதே இடத்தில் அடுத்த வார்த்தையையும் வாசிக்கவேண்டும். தீட்டும் இல்லாமல், பயணமும் போகாமல், வீட்டில் இருந்துகொண்டே முதல் மாதத்துப் பாஸ்குவை விட்டவன் ஜனத்தாரினின்று அறுபட்டுப்போவான். அவனுக்கு இரண்டாம் மாதம் இல்லை.

யூதரிடையே இன்னொரு நுட்பமும் உண்டு. முற்காலத்தில் பிறை கண்ட செய்தி ஜெருசலேமிலிருந்து தூரதேசங்களுக்கு வந்து சேரத் தாமதமானதால், அங்கிருந்தோர் சந்தேகத்துக்கு இடமின்றித் திருநாளை இரண்டு நாள் கொண்டாடினார்கள். கணக்கிட்டு நாள் குறிக்கும் காலம் வந்த பிறகும் அவ்வழக்கம் நீடித்தது. இன்று ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போன யூதன் ஒரு நாளா, இரண்டு நாளா என்று தன் குருவைக் கேட்டால், அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "நீ திரும்பிப் போக எண்ணுகிறாயா, தங்கிவிட எண்ணுகிறாயா?" என்பதாகவே இருக்கும்.

நம் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதுவே. குவைத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவன் உண்மையாகவே பயணத்தில் இருக்கிறான். அவனுக்கு அங்கே நிலையான குடியுரிமை இல்லை. டிசம்பர் 25 அங்கு விடுமுறையும் அல்ல. வெள்ளியும் சனியும் வார ஓய்வு என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையே வெள்ளியில் கண்டு பழகியவன் அவன். (துபாய் முதலிய அமீரகப் பகுதிகளில் 2022 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் ஓய்வாயிற்று.) சவூதியில் இருப்பவனுக்கோ போய் நிற்க ஒரு கோவிலும் கிடையாது. இப்படிப்பட்டவன் விடுமுறையில் வந்து, ஜனவரியில் குடும்பத்தோடு உட்கார்ந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தின்று மகிழ்ந்தால், அது அவனுக்குரிய இரண்டாம் மாதம். யாரும் அதைக் குறை சொல்ல வேண்டாம்.

டொரொண்டோவில் வீடு வாங்கி, குடியுரிமைப் பிரமாணம் செய்து, பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்தவர் தாமும் பயணத்தில் இருப்பதாகச் சொன்னால், அவரைக் கொஞ்சம் உட்காரவைத்துப் பேசவேண்டும். பபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தின் சாரம் யாது? அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பதன்றோ? சிறைப்பட்டுப் போனவர்களுக்கே அது விதி என்றால், விரும்பிப் போனவர்களுக்கு? அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவில் நன்றியறிதல் நாள். வயல்களில் விளைந்தது வீடு சேர்ந்தமைக்காக நன்றி சொல்கிற நாள். பொங்கல் வைத்து வளர்ந்தவனுக்கு இது அந்நியமா? அண்டை வீட்டாரை அழைத்து அந்த நாளில் நன்றி சொல்லட்டும். பிறகு ஜனவரியில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கையில், அடுப்பங்கரையில் பொங்கலும் வைக்கட்டும். முன்னது நாம் வாழும் நிலத்தின் நன்றி, பின்னது நம் முன்னோர் நிலத்தின் ஞாபகம் என்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் அரைகுறை என்ற பேச்சுக்கு இடமில்லை. விளக்காமல் விட்டால்தான் இரண்டும் வெறும் சாப்பாடாகப் போய்விடும்.

ஜெர்மனியில் குடியேறிய ஈழத்துத் தமிழர் இதை நன்றாகச் செய்கிறார்கள். மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்குப் போக முடியாத அவர்கள், ஆண்டுதோறும் ஆகஸ்டில் கெவலார் என்ற ஊருக்குத் திரளாகத் திருயாத்திரை போகிறார்கள். அது 1642-லிருந்து அந்நாட்டு மக்கள் மண்டியிட்டு வரும் இடம். துயருறுவோருக்கு ஆறுதலாகிய மாதா என்று பெயர். இந்துக்களான தமிழரும் கூட வருகிறார்கள். தாங்கள் வந்துசேர்ந்த நாட்டு மாதாவிடமே போய்த் தமிழில் பாடுகிறார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு அந்த மாதாவின் பெயருக்குப் பொருள் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

குவைத்து, துபாயில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரமலான் மாதத்தில் பகலில் வெளியிடத்தில் தின்னாமலும் குடியாமலும் இருப்பது அங்கே சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யவேண்டிய காரியமல்ல. அம்புரோசியார் சொன்ன மரியாதை அது. பெருநாளன்று முதலாளியோ உடன் வேலை செய்பவனோ உணவு கொடுத்தால் வாங்கி உண்ணலாமா என்று சிலர் மனச்சாட்சிச் சங்கடப்படுகிறார்கள். தாராளமாக உண்ணலாம். வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு, அயலான் சந்தோஷத்தில் பங்குகொள்வது வேறு. கிறிஸ்துமஸ் வரும்போது நீங்களும் அவனுக்கு ஒரு துண்டுக் கேக்கு கொடுக்க மறக்காதீர்கள்.

இனி வீட்டில் இருப்பவர்களாகிய உங்களிடம் வருகிறேன். உங்களுக்கு இரண்டாம் மாதம் இல்லை என்பது கடுமையாகத் தோன்றும். ஆனால் யோசியுங்கள். மகன் இல்லை என்று நட்சத்திரம் கட்டாத வீட்டில் ஏழு வயது மகளும், மருமகளும், நடக்கமாட்டாத மாமனாரும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் இல்லையா? தூரத்துப் பிள்ளைமேல் வைத்த அன்பு, பக்கத்துப் பிள்ளையின் திருநாளைப் பறிப்பது நியாயமன்று. ஒரு சிறுமி மூன்று கிறிஸ்துமஸ்களை இருட்டு வீட்டில் கழித்தால், திருநாள் என்பது அண்ணன் கொண்டுவரும் பெட்டி என்றே கற்றுக்கொள்வாள். புதுநன்மையைக்கூட அப்பாவின் விடுமுறைக்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிவைக்கிறார்கள். சில மாதம் பொறுக்கலாம். ஆண்டுக்கணக்கில் பொறுக்க என்னால் சம்மதிக்க இயலாது.

வேறு சில வீடுகளில் திருநாள் நடக்கிறது, தொலைபேசிக்குள் நடக்கிறது. நம் கோவிலில் பாலன் பிறப்பின் நள்ளிரவு 12 மணி என்றால் குவைத்தில் இரவு 9.30, மெல்பர்னில் விடியற்காலை 5.30, டொரொண்டோவில் 24-ந் தேதி பகல் 1.30. அந்த நேரத்தில் கனடாவிலுள்ள மகன் தொழிற்சாலையில் கையுறை மாட்டி நிற்கிறான். அவனுக்குப் பூசையைக் காட்டுவதாகத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி தாயார் குடிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவன் அதைப் பார்க்கவும் இல்லை, இவர் பூசை காணவும் இல்லை. பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள். அவனுக்கும் அப்போது ஓய்வு நேரம் வரும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரி உள்ளூர் வரியைவிடக் கூடுதல் என்று கமிட்டிகள் தீர்மானிக்கின்றன. கொடுத்தவன் படம் அலங்கார வளைவில் பெரிதாகத் தொங்குகிறது. தேரிலுள்ள சுரூபம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் படத்திலே சிரிக்கிறவன் அங்கே ஆறு பேர் அறையில் படுத்து, கடன் வாங்கி அதை அனுப்பியிருக்கலாம். நீங்கள் "என்னப்பா சாப்பிட்டாய்?" என்று கேட்கும்போது "பிரியாணி, அம்மா" என்கிறான். அன்று அவன் இரட்டை வேலை பார்த்துவிட்டுக் குபூஸ் ரொட்டியும் பருப்பும் தின்றிருப்பான். அவனை அந்தப் பொய்க்குத் தூண்டுவது நாம் அல்லவா? திருநாளுக்கு எவ்வளவு அனுப்புவாய் என்று கேட்கும் வீட்டில் பிள்ளை உண்மை பேசமாட்டான். இந்த ஆண்டு ஒன்றும் அனுப்பாதே, பூசைக்குப் போக முடிந்ததா என்று மட்டும் சொல் என்று ஒரு தகப்பன் எழுதிப் பார்க்கட்டும்.

ஆகவே, குவைத்து மகனின் தாயாருக்கு என் பதில்: அம்மா, 25-ந் தேதி பாலனின் திருநாள். அன்று வீட்டில் விளக்கு எரியட்டும், பலகாரம் சுடுங்கள், அவன் பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஜனவரி 20-க்குப் பிறகு அவன் வந்ததும் ஒரு நன்றிப் பூசை வைத்து, வீடு நிறைய விருந்து வையுங்கள். வேண்டுமானால் நட்சத்திரம் அதுவரை தொங்கட்டும். கனடா மகளுக்குப் பதில் மேலேயே வந்துவிட்டது.

ஒன்று பாக்கி. நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாளன்று மந்திரிக்கப் போனபோது, பூவும் மெழுகுதிரியும் இல்லாத கல்லறைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்துவிட்ட வீட்டாருடையவை. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களில் ஓரிருவர் தங்கள் திரியில் ஒன்றை எடுத்து அங்கே கொளுத்தினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வின்னிபெக்கிலோ மஸ்கட்டிலோ இருக்கிற பிள்ளையும், தான் வாழும் ஊரில் யாரும் வராத ஒரு கல்லறைக்கு முன் நின்று தன் தாய்க்காக ஜெபிக்கலாம். கூடையோடு திரும்பிய மோனிக்கம்மாள் அதை ஒப்புக்கொள்வார்.

நம் பிள்ளைகளுக்கு வெளிநாடு மிலான் என்றால், வேறு சிலருக்கு நாமே மிலான். இந்தப் பட்டணத்தின் கட்டட வேலைகளிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலிருந்து வந்த இளைஞர் இருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. 1885-ல் சோட்டா நாகபுரிக்குப் போன பெல்ஜிய சேசுசபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தில் நிற்கும் மலைவாழ் குடும்பங்களின் பிள்ளைகள். தங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் இரவில் மத்தளம் அடித்து ஆடிப்பாடுகிறவர்கள். இங்கே ஞாயிறு முதல் பூசையில் கடைசித் தூணின் பக்கத்தில் நிற்கிறார்கள், பிரசங்கம் புரிவதில்லை, ஆசீர்வாதம் ஆனதும் போய்விடுகிறார்கள். நாம் அவர்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

24-ந் தேதி இரவுப் பூசைக்கு அவர்களை முன்வரிசைக்கு அழைக்கவும், முதல் வாசகத்தை இந்தியிலும் வாசிக்கவும், பூசைக்குப் பிறகு அவர்கள் தங்கள் பாட்டு இரண்டு பாடவும் ஏற்பாடு செய்ய எண்ணுகிறேன். குவைத்திலும் துபாயிலும் இருந்து திரும்பியவர்களுக்கு முகாமில் பழகிய இந்தி தெரியும். அவர்களில் இருவர் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு என்னை வந்து பார்த்தால் நலம். மத்தளம் வைத்திருக்கும் வீட்டாரும் சொல்லியனுப்பவும்.